கணபதிக்கு பாஸ்வேர்டு கிடையாது

கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு தட்டு தட்டினால், அதன் முன்னால் உட்காருகிறவரின் ஜாதகம் மேசைமேல் கொட்டும். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் நான் பார்த்த உத்தியோகத்தில் பாதி இந்த ஜோதிடம்தான். கணக்குப் பிரிவின் கீபோர்டில் கடலைப்பொரி, காராபூந்தி, ஒருமுறை அரை நிப்பட்டு. பர்ச்சேஸில் வெற்றிலைக் காம்பும் பல் குத்திய குச்சியும். பர்சனல் பிரிவில் நகத்துண்டுகள். கைநகம் என்று நினைத்து வெகுநாள் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அளவைப் பார்த்ததும் அது கையில் விளைந்ததில்லை என்று தெரிந்துவிட்டது. அன்று கேன்டீன் பிசிபேளாபாத்தில் முந்திரி தென்பட்டபோது தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். முந்திரி என்ன பாவம் செய்தது?

நஞ்சன்கூடு போகிற சாலையில் மோட்டார் செய்கிற ஒரு தொழிற்சாலை. குளிர்பதன அறையில் ஒற்றை யூனிக்ஸ் மிஷின். அதிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒயர் ஓடும். ஒயரின் முனையில் கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக ஒரு டெர்மினல். யார் யார் உள்ளே நுழையலாம், நுழைந்தவர் எந்தெந்த அறையைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கிற வாயிற்காப்போன் நான். ஆள் சேர்ந்தால் ‘யூசர்ஆட்’ என்று ஒரு வரி அடித்து லாகின் உண்டாக்குவேன். மறந்தவருக்குப் புது பாஸ்வேர்டு போடுவேன். வேலையை விட்டுப் போனவரை ‘யூசர்டெல்’ என்று ஒரே வரியில் இல்லாமல் ஆக்குவேன். எல்லாம் தட்டச்சுதான், சுட்டிக் காட்ட படமும் கிடையாது, எலியும் கிடையாது. எலி கிடையாது என்றது கம்ப்யூட்டர் எலியை. நிஜ எலி இருந்தது, பொரி இருந்ததால்.

ஆபீசில் எனக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. ‘சிஸ்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “சிஸ்டம் சாப்பிட்டாச்சா?” “சிஸ்டத்துக்கு ஜலதோஷமா?” என் கல்யாணப் பேச்சு எழுந்தபோது கூட, “சிஸ்டத்துக்குப் பொண்ணு பாக்கறாங்களாம்” என்றே செய்தி பரவியது. பெண் வீட்டார் விசாரிக்க வந்திருந்தால் ஓடிப்போயிருப்பார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அடிக்கிறதை முணுமுணுத்துக்கொண்டே அடிப்பேன். மந்திரம் சொல்கிறேன் என்று வெளியாட்கள் மரியாதையாக நினைத்துக்கொள்வார்கள். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், கடைசியில் மூக்குடைபடப்போவது நான்தான் என்று நீங்கள் முன்கூட்டியே சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும் என்றுதான்.

இந்த அருவருப்புக்கெல்லாம் விதை, மிஷின் வந்திறங்கிய அன்றே போடப்பட்டது. பூஜை ஏற்பாடாகியிருந்தது. அக்ரஹாரத்திலிருந்து புரோகிதர் வந்திருந்தார். அடுத்து எங்கோ கிருகப்பிரவேசம் போலிருக்கிறது, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நிர்வாக மேனேஜர், மூன்று தலைமுறையாக மைசூரில் வேர்விட்ட தமிழர், பட்டு அங்கவஸ்திரத்தோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தமிழைக் கன்னடம் போலவும் கன்னடத்தைத் தமிழ் போலவும் பேசி இரண்டு மொழிக்காரரையும் சமமாகக் கஷ்டப்படுத்துகிறவர். ‘அல்லவா’ அவர் வாயில் ‘அல்வா’ ஆகிவிடும்.

“மொதல்ல யார் பேருப்பா?”

“என் பேருதான் சார். சும்மா டெஸ்ட் பண்ண.”

“உன் பேரா! சரியாப் போச்சு. கல்யாணப் பத்திரிகெ அடிச்சா மொதல் பத்திரிகெ யாருக்கு வெப்போம்? கணபதிக்கு அல்வா? அப்புறந்தானே ஊருக்கு. கணபதி பேர்ல ஒண்ணு தெற.”

திறந்தேன். மிஷின் வழக்கம்போல அடுத்த கேள்வி கேட்டது.

“சார், பாஸ்வேர்டு கேக்குது.”

“யாரெ?”

“கணபதியெ.”

“சே சே, பேடா, வேண்டாம். தேவருக்குப் பூட்டா? அபச்சாரம். தெறந்தே இருக்கட்டும்.”

“எந்த மெனு கொடுக்கறது சார்? ஸ்டோர்ஸா, கணக்கா, கேட்பாஸா?”

“அவருக்கு இது கூடாதுன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு? எல்லாத்தையும் கொடு.”

புரோகிதர் “ததாஸ்து” என்றார். கீபோர்டில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அதன்மேல் தீர்த்தமும் தெளித்தார்கள். மூன்றும் கலந்து செங்குழம்பாகி எழுத்துகளுக்கு நடுவே இறங்கியதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அக்ரஹாரத்துக்குத் திரும்பும்போதுதான் மேனேஜருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் தோன்றியது: நஞ்சன்கூடு கோயிலிலேயே மத்தியானமானால் நடை சாத்திப் பூட்டுகிறார்களே சார்! என் புத்திசாலித்தனம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

கணபதிக்கு பாஸ்வேர்டு இல்லை என்பது ஊருக்கே தெரிந்த பிறகு வேறு யாருக்கும் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. சொந்த லாகினில் போக வேண்டுமென்றால் பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். மறந்தால் என்னிடம் வர வேண்டும். நான் ஒரு ஜோக் சொல்வேன், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். கணபதியில் அந்த இம்சை எதுவும் இல்லை. பெயரை அடி, எண்டரைத் தட்டு, தரிசனம்.

ஒவ்வொரு லாகினுக்கும் மிஷினுக்குள் ஒரு சொந்த இடம் உண்டு, அவரவர் கோப்புகளை வைத்துக்கொள்ள. கணபதியின் இடத்தை ஒரு நாள் துப்புரவு செய்யத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக் கதவைத் திறந்தவன் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினேன். யாரோ தன் மேலதிகாரியின் சம்பளத்தைப் பார்த்துப் பிரதி எடுத்து வைத்திருந்தார். யாரோ வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதி, அதில் எங்கள் கம்பெனியைத் திட்டியிருந்தார். கல்யாணமான ஒருவர் கல்யாணமான இன்னொருவருக்கு ஆங்கில எழுத்தில் கன்னடக் கவிதை எழுதியிருந்தார். கவிதையில் வழிந்ததைத் துடைக்கத் துணி போதாது. இடையில் ஒரு மொட்டைக் கடிதம்: ‘சிஸ்டம் என்கிற தண்டத்துக்கு எதற்கு குளிர்பதன அறை?’ சுவரில் கரியால் கிறுக்கியதைப் போல ஒரு கோப்பில் வசை மட்டுமே இருந்தது. இதையெல்லாம் எழுதியவர்கள் காலையில் வந்ததும் டெர்மினலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். அதை நினைத்தபோதுதான் எனக்கு நிஜமாகவே குமட்டியது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “கணபதியெ பூட்டிடலாம் சார்.”

“நோடப்பா,” என்றார், “சில விஷயத்துல கை வெக்கக் கூடாது.”

இந்த அசிங்கத்துக்கு நடுவே ஒரே ஒரு சுத்தமான கீபோர்டு இருந்தது. ஸ்டோர்ஸ் கிளார்க்குடையது. கொள்ளேகால் பெண், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், வாய் கத்தரிக்கோல். அவருடைய மேசைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். போகும்போது கீபோர்டை ஒரு பூப்போட்ட துணியால் மூடிவிட்டுப் போவார். கவிழ்த்துத் தட்டினால் தூசிகூட விழாது. நான் முதல்முறை தட்டிப் பார்த்தபோது, “ஏனுங் சிஸ்டம், புளிய மரத்த உலுக்கற மாதிரி உலுக்கறீங்க? உங்க வீட்ல புளி இல்லீங்களா?” என்றார்.

கணபதியில் நுழையாதவரும் அவர் ஒருவர்தான் என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிய வந்த விதம் இது.

ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கு எடுத்தார்கள். மோட்டாரில் சுற்றுகிற தாமிரக் கம்பி உருளைகள் குறைந்தன. கேட்டைத் தாண்டி எது வெளியே போனாலும் மிஷினில் பதிந்து அச்சடித்த கேட்பாஸ் வேண்டும். பார்த்தால், எண்ணெய் துடைத்த கழிவுப் பஞ்சு என்று ஏகப்பட்ட கேட்பாஸ்கள். எங்கள் தொழிற்சாலை முழுவதும் ஒரே நாளில் ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்திருந்தாலும் அவ்வளவு பஞ்சு சேர்ந்திருக்காது. பஞ்சுக்கு அடியில் தாமிரம் போயிருக்கிறது என்று குழந்தைக்கும் புரிந்தது. பதிந்தது யார்? கணபதி. எந்த டெர்மினலில்? ஸ்டோர்ஸில். கேட்பாஸ் அச்சடிக்கிற பிரிண்டர் அங்கே மட்டும்தான் இருந்தது. எந்த மேசை என்று மிஷின் சொல்லும், எந்த விரல் என்று சொல்லாது.

மேனேஜர் ஸ்டோர்ஸ் கிளார்க்கைக் கூப்பிட்டார். சாட்சிக்கு நான்.

“டெர்மினல் உங்க மேசெலெ. பிரிண்டர் உங்க மேசெலெ. அப்ப யாரு மேடம்?”

“சாமி பேருதானுங்களே போட்டிருக்குது? சாமியக் கூப்ட்டுக் கேளுங்க.”

“தேவரெ இதுக்குள்ள இழுக்காதீங்க.”

“நானுங்களா இழுத்தேன்? இத்தன நாளா சாமி பேர்லயே லாரில ஏத்தி அனுப்பிச்சிட்டிருக்கறாங்க, அப்பப் பேசாம இருந்துபோட்டு?”

மெமோ கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் திருப்தியான விளக்கம் இல்லாவிட்டால் திருட்டுக் குற்றத்தின் பேரில் வேலை நீக்கம். அவர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து கீபோர்டின் துணியை எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் வேலை ஓடவில்லை.

“வேற எடத்துல சொல்லி வெக்கட்டுமா மேடம்?” என்றேன் மெதுவாக.

“வேல போனா வேற தேடிக்கலாமுங்க. திருடிங்கற பேரோட கொள்ளேகால் பஸ்ஸுல எப்படிங்க ஏறறது? அந்த பஸ்ஸுல பாதிப் பேரு எங்க சொந்தக்காரங்க, மீதிப் பேரு அவங்களுக்குச் சொல்றவங்க.”

மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது என் ஜோதிட வேலையைச் செய்தேன். சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் அந்தச் சுத்தமான கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பொடிப் பொடியாகப் பான் மசாலா விழுந்தது. கூடவே ஈரமாக ஒன்று. அது என்ன என்று விரலால் தொட்டுப் பார்த்த என் மடத்தனத்தை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. யாரோ வாயில் ஊறப்போட்டுக்கொண்டே அடித்து, சாறு சொட்டவிட்டிருக்கிறார்கள். கார்பாலிக் சோப்பு போட்டுக் கழுவினேன், திரும்பக் கழுவினேன். பஸ்ஸில் போகும்போது அந்த விரலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டேன்.

ஸ்டோர்ஸ் கிளார்க் பாக்கே போடாதவர். ஆனால் பான் மசாலாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆபீசில் பாதி வாய்கள் அதைத்தான் மென்றன. அந்த விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பழைய பதில் திரும்ப ஞாபகம் வந்தது. நஞ்சன்கூட்டில் மத்தியானம் நடை சாத்துகிறார்கள். சாத்தினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கிறவர் யார் என்று தெரியாது. வெளியே வந்து தட்டுகிறவர் யார் என்று தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. ‘பாஸ்வேர்டு’ கட்டளைக்குப் பின்னால் ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்து அடித்தால் ஒரு லாகின் அழியாமல் பூட்டிக்கொள்ளும். முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன். மூன்று உலகமும் ஆளும் தொந்தி கணபதி பூட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் சாம்பார் சாதத்தைப் பிரித்தேன்.

ஒரு திருடன் வருவான் என்று எதிர்பார்த்தேன். ஊர்வலம் வந்தது.

முதலில் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். “சிஸ்டம், டெர்மினல்ல ஏதோ… ஒரு லாகின் போகல.”

“எந்த லாகின் சார்?”

“என்னோடதுதான்.” தலையைச் சொறிந்தார். “அதாவது… பொதுவா இருக்கே, அது.”

“நடை சாத்தியிருக்கு. சாயங்காலம் தெறப்பாங்க.”

அவர் போனதும் பர்ச்சேஸ். அதற்குப் பின்னால் பர்சனல், நகத்துக்குச் சொந்தக்காரர். யூனியன்காரர் ஒருவர் வந்து, ‘தொழிலாளர் உரிமை’ என்று ஆரம்பித்து, எந்த உரிமை என்று கேட்டதும் நிறுத்திவிட்டார். கவிதைக்காரரும் வந்தார், சிவந்த முகத்தோடு, “உள்ள ஒரு ஃபைல் இருக்கு, ஆபீஸ் ஃபைல், அது மட்டும் எடுத்துக் குடுத்தா போதும்” என்றார். ஒவ்வொருவரும் வந்து, அடுத்தவர் நிற்பதைப் பார்த்து, ஏதோ பிரசாதத்துக்கு நிற்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கணபதி என்ற பெயரை வாயால் சொல்லவில்லை. என் சாம்பார் சாதம் ஆறிப்போயிற்று. இத்தனை நாள் கீபோர்டிலிருந்து உதிர்ந்ததெல்லாம் இப்போது முகமும் சட்டையுமாக என் கதவில் நிற்கிறது என்று தோன்றியது. சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டேன்.

மேனேஜரும் வந்தார்! வரிசை விலகி வழிவிட்டது. “ஏன்ப்பா, இது, லாகின் ஏதோ…” என்று ஆரம்பித்தவர், மற்றவர்களைப் பார்த்ததும் தொனியை மாற்றிக்கொண்டார். “கணபதிக்கு யார் பூட்டு போட்டது?”

“உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?” என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை என் புத்திசாலித்தனம் சரியான பஸ்ஸில் வந்தது.

அவர் பதில் சொல்வதற்குள் டெஸ்பாட்ச் ஆபீசர் வேகமாக உள்ளே நுழைந்தார். மேனேஜரின் மனைவியுடைய தம்பி. வாய் நிறையப் பான் மசாலா. ஆளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அத்தான் அங்கே நிற்பதையே கவனிக்கவில்லை.

“என்ன குரு இது, சாப்பாட்டு நேரத்துல போய்ப் பூட்டிக்கிட்டு? தெற சீக்கிரம். கேட்ல லாரி நிக்குது.”

எச்சில் தெறித்தது. என் மூடிய டிபன் பாக்ஸின் மேல் ஒரு துளி விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது வாசலில் ஸ்டோர்ஸ் கிளார்க்கின் குரல் கேட்டது. சாப்பிட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்திருந்தார். கூட்டத்தில் இருந்தவர்களில் எதையும் திறக்கச் சொல்லி வராதவர் அவர் மட்டும்தான்.

“என்ன சரக்குங்க லாரில? சொல்லுங்க, என் லாகின்ல நானே பதிஞ்சு பாஸ் போட்டுத் தாரனுங்க.”

டெஸ்பாட்ச் ஆபீசர் மெல்லுவதை நிறுத்தினார். “வேஸ்ட் காட்டன்.”

“அதுக்கென்னங்க. ஏத்தின சரக்கப் பாத்துப்போட்டுத்தானுங்க பதியறது. வாங்க.”

“எதுக்கு மேடம் வெயில்ல? எண்ணெ நாத்தம், கையெல்லாம்…”

“கழுவிக்கறனுங்க.”

நடந்தார். பின்னால் வரிசை அப்படியே நடந்தது, ஊர்வலத்தில் உற்சவர் பின்னால் போகிற மாதிரி. நானும் போனேன். கேட்டில் காவலாளி லாரியை மறித்து நின்றிருந்தார். ஸ்டோர்ஸ் கிளார்க் புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தின்மேல் கால் வைத்து ஏறி, தார்ப்பாயை இழுத்து, கறுத்துப் பிசுபிசுத்த பஞ்சுக்குள் முழங்கை வரை கையை விட்டார். துழாவினார். வெளியே எடுத்தபோது எண்ணெய் வழிகிற கையில் ஒரு தாமிரக் கம்பியின் முனை இருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

“பஞ்சு நல்லாத்தானுங்க நூத்திருக்கறீங்க,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் வந்தது, அடக்கிக்கொண்டேன். டெஸ்பாட்ச் ஆபீசர் ஓரமாகப் போய் வாயிலிருந்ததை மொத்தமாகத் துப்பினார். அது சுவரில் வழிந்ததைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் மேனேஜரைப் பார்த்தோம்.

இதற்குப் பிறகு நியாயம் தானாகவே நடக்கும் என்று நினைக்கிற வயது எனக்கு. டெஸ்பாட்ச் ஆபீசரை பெங்களூர்க் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பு இன்னும் பெரியது, ஆகவே பதவியும் பெரியது என்று விளக்கம். விசாரணை ‘போதிய ஆதாரம் இல்லாததால்’ நிற்பதாகச் சொன்னார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கணபதி லாகினைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அடுத்த கேள்வி ‘நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்’ என்பதாக இருக்குமே! வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஊமைகளானார்கள். ஒருவர் அழுக்கை இன்னொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசே ஒற்றுமையாக நாறியது. ஸ்டோர்ஸ் கிளார்க்குக்குக் கொடுத்த மெமோ மட்டும் அப்படியே இருந்தது. திரும்பப் பெற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ அன்னிக்கு சொன்னது சரிதாம்ப்பா. கணபதியெ எத்தனெ நாள் வீட்ல வெச்சுக்கறது? கணேஷ சவுத்திக்கு வெச்சா விசர்ஜனெ பண்ணிடணும் அல்வா? கரைச்சுடு. உள்ள இருக்கறதெல்லாம் சேத்து. ஸ்வச்சமா, ஒண்ணும் மிச்சமில்லாம.”

‘யூசர்டெல்’ என்று மட்டும் அடித்தால் ஆள் போய்விடுவார், கோப்புகள் மிஞ்சும். கூட ஒரு ‘மைனஸ் ஆர்’ சேர்த்தால் கோப்புகளும் சாம்பல். அந்த ஒற்றை எழுத்துக்காகத்தான் அவர் இவ்வளவு பக்தியாகப் பேசுகிறார் என்று புரிந்ததும் நாக்கில் கசந்தது. ஒருவேளை மேலதிகாரியின் சம்பளத்தைப் பிரதி எடுத்த பக்தர் இவர்தானோ என்னவோ. கேட்கவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே. ஆனால் குறும்பு வேறு, தைரியம் வேறு. முதலாவது எனக்கு நிறையவே உண்டு.

“பண்ணிடலாம் சார். ஆனா உத்தர பூஜை பண்ணாம கணபதியெ எடுக்கக் கூடாதே. குத்தம் ஆயிடும்.”

“பண்ணிட்டா போச்சு. என்ன வேணும்? தேங்காயா?”

“மெமோவெ வாபஸ் வாங்கிக்கறோம்னு ஒரு கடுதாசி சார். மேடம் பேருக்கு. உங்க கையெழுத்தோட. அது வந்த ஒடனே கரைச்சுடறேன். வரலேன்னா…” கையை விரித்தேன். “கணபதி பாட்டுக்கு இருப்பார். உள்ள இருக்கறதும்.”

மேனேஜர் டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்.

கடுதாசியில் மூன்று வரி இருந்தது. ஸ்டோர்ஸ் கிளார்க் என் அறை வாசலில் நின்று படித்தார். எண்ணெய்க் கறை இன்னும் அவர் நகக்கண்ணில் போகாமல் இருந்தது.

“‘தவறுதலாக வழங்கப்பட்டது’ன்னு போட்டிருக்குதுங்க. யாரோட தவறுன்னு போடலீங்களே?”

“அவ்வளவுதான் கறக்க முடிஞ்சுது மேடம்.”

“சாணிதானுங்க விழுந்திருக்குது,” என்றார். ஆனால் மடித்துக் கைப்பையில், மெமோவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். “சரி, பஸ்ஸுல காட்டறதுக்கு ஆச்சுங்க.”

விசர்ஜனத்துக்குப் புரோகிதர் வரவில்லை. வரிசையில் நின்ற எல்லோரும் வந்தார்கள். டெர்மினலுக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, ‘அடுத்த வருஷமும் வா’ என்று யாரோ பழக்கதோஷத்தில் கத்தினார்கள். பக்கத்தில் நின்றவர் அவர் வாயைப் பொத்தினார். எழுத்து எழுத்தாக முணுமுணுத்து அடித்தேன். எண்டர் தட்டுகிற நேரத்தில் நான் விரலை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸ் கிளார்க்கைப் பார்த்தேன். அவர் முன்னால் வந்து, முந்தானையால் அந்த எண்டர் பொத்தானை ஒருமுறை துடைத்துவிட்டுத் தட்டினார். ஒரு சத்தமும் இல்லாமல் பச்சைக் கோடு அடுத்த வரிக்கு வந்து நின்றது. “ஆயித்து,” என்றார் மேனேஜர், ஏதோ பாரம் இறங்கியது போல. சுண்டல் கொடுத்தார்கள். சுண்டல் சாப்பிட்ட கையோடு எல்லோரும் அவரவர் கீபோர்டுக்குப் போனார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கண்டிப்பு. அவரவர் லாகின், அவரவர் பாஸ்வேர்டு. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, நான் மரியாதையாகத் திரும்பி நின்றுகொள்ள, புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னேன். எல்லோரும் சட்டென்று அடித்தார்கள். யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சாயங்காலம் ஆபீஸ் காலியானதும் ஒவ்வொரு லாகினாகப் பெயரை அடித்து, பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் ‘கணேஷா’ என்று அடித்துப் பார்த்தேன். கணக்குப் பிரிவு திறந்தது. பர்ச்சேஸ் திறந்தது. நகம் திறந்தது, கவிதை திறந்தது, நிர்வாகம் தாராளமாகத் திறந்தது. ஒரே இடத்தில் இருந்தவரைக் கரைத்தேன், இப்போது சர்வவியாபி. ஸ்டோர்ஸ் லாகின் மட்டும் திறக்கவில்லை.

அதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் காலை தடுப்பின் மேலே தலையை நீட்டி, “மேடம், மொத்த ஆபீஸ்ல உங்க பூட்டும் என் பூட்டும்தான் பூட்டு” என்றேன் பெருமையாக.

“உங்களுதுங்களா?” கீபோர்டின் பூப்போட்ட துணியை மடித்துக்கொண்டே கேட்டார். “உங்களுது எனக்கு நீங்க வேலைக்கு வந்த மொத வாரமே தெரியுமுங்களே. எழுத்தெழுத்தா ஓதிக்கிட்டுத்தான அடிக்கறீங்க? பிளைவுட்டு இது, சுவருங்களா?”

என் பாஸ்வேர்டு மற்றவர்களுடையதைப் போல இல்லை. அது மிஷினின் தலைச்சாவி. அதை வைத்துக்கொண்டு எந்தக் கோப்பையும் திறக்கலாம், எந்தப் பதிவையும் மாற்றலாம், யார் பெயரையும் எங்கேயும் எழுதலாம்.

“அப்ப மெமோ வந்தப்பவே… நீங்க உள்ள போயி, அந்தக் கேட்பாஸையெல்லாம் டெஸ்பாட்ச் பேருக்கு மாத்தியிருக்கலாமே? இல்லேன்னா அழிச்சிருக்கலாமே?”

முகத்தைச் சுளித்தார், நான் சாப்பிட்ட தட்டில் அவரைச் சாப்பிடச் சொன்ன மாதிரி.

“அடுத்தவங்க பல்லு வெளக்கற பிரஷ்ஷ எடுத்து வெளக்குவாங்களா யாராச்சும்? நெனச்சாலே அருவருப்பா இருக்குதுங்க. மொதல்ல அத மாத்துங்க போங்க.”

உட்கார்ந்தேன். இந்த முறை இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் புது பாஸ்வேர்டை அடித்தேன். சத்தம் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கையை எடுத்தேன். எவ்வளவு வருஷம் இதே வேலை செய்தாலும் மறந்துபோகிற ஒன்று: உறுதிப்படுத்திக்கொள்ள மிஷின் அதையே இன்னொரு முறை கேட்கும். கேட்டது. அடித்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ரெண்டாந்தடவ ஓதிப்போட்டீங்க. மறுபடி மாத்துங்க.”